நினைவாற்றல் புரோபயாடிக்: அட்டைப்பெட்டியும் அதற்குப் பின்னால் இருக்கும் சுண்டெலியும்

தருமபுரி நேதாஜி பைபாஸ் சாலையிலும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவைச் சுற்றியும் உள்ள மருந்துக்கடைகளில், புரோட்டீன் பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு சரக்கும் நிற்கிறது. குடல் பாக்டீரியா அடைத்த கேப்சூல். மேலே மூளைப் படம், கீழே ‘குடல் – மூளை ஆரோக்கியம்’, ‘நினைவாற்றலுக்கு’ என்ற வாசகம். முப்பது கேப்சூல் எண்ணூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை. சில பிராண்டுகள் சாஷே பொடியாகவும் வருகின்றன. உள்ளே மடித்து வைத்த தாளில் ‘அல்சைமர் விலங்கு மாதிரிகளில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அல்சைமர் என்ற மறதி நோயைச் செயற்கையாக உண்டாக்கிய சுண்டெலிகளைத்தான் ‘விலங்கு மாதிரி’ என்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மறதி வந்த அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ வாங்கும் பிள்ளைகள். அந்த ஒரு வரியை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். அதனால் இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி அந்த வரியைப் பற்றியதுதான். பிராண்டுகளின் பெயரைச் சொல்லவில்லை. அட்டை நிறம் வேறு, உள்ளே இருக்கும் சரக்கும் தாளில் இருக்கும் வாதமும் ஏறக்குறைய ஒன்றே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நினைவாற்றலுக்காக இதை வாங்க வேண்டாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் வரும் வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்குப் புரோபயாடிக் உதவலாம் என்பதற்கு மனிதரிடம் நடந்த ஆய்வுகளே இருக்கின்றன. ஆனால் அதற்கு மூளைப் படம் போடாத சாதாரண பொட்டலம் போதும், விலையும் குறைவு.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது

பொதுவாக லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், பிஃபிடோபாக்டீரியம் பிரீவ் என்று நான்கைந்து பெயர்கள். மொத்தம் 500 கோடி உயிருள்ள நுண்ணுயிர், அதாவது 5 பில்லியன் சி.எஃப்.யூ. கூடவே எஃப்.ஓ.எஸ் என்ற நார்ச்சத்து கொஞ்சம். சிலவற்றில் வல்லாரை அல்லது அமுக்கரா சாறு. வாங்குவதற்கு முன் அட்டையில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இனப்பெயருக்குப் பின்னால் ஸ்ட்ரெயின் எண், அதாவது இனத்துக்குள் எந்த உட்பிரிவு என்று காட்டும் எண், இருக்கிறதா? ‘பிஃபிடோபாக்டீரியம் பிரீவ்’ என்பது இனத்தின் பெயர் மட்டும். மறதி ஆய்வில் பயன்பட்டது ‘எம்.சி.சி 1274’ என்ற குறிப்பிட்ட ஸ்ட்ரெயின். பழைய ஆய்வுகளில் அதையே ‘ஏ1’ என்று எழுதியிருப்பார்கள். ஒரே இனத்தில் ஒரு ஸ்ட்ரெயின் செய்வதை இன்னொன்று செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே கிடைக்கும் பெரும்பாலான அட்டைகளில் எண்ணே இல்லை. ‘அண்ணா, ஸ்ட்ரெயின் நம்பர் போட்டது இருக்குதுங்களா?’ என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், தாளில் சொல்லும் ஆய்வுக்கும் கேப்சூலுக்குள் இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று சரிபார்க்க வழியே இல்லை.

இரண்டாவது, அந்த 500 கோடி எப்போதைய கணக்கு? ‘தயாரிக்கும் நேரத்தில்’ என்று எழுதியிருந்தால் உங்கள் கைக்கு வரும்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. ‘காலாவதித் தேதி வரை’ என்று எழுதியிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் இருக்க வேண்டும். அது உணவுப் பொருளாக விற்கத் தேவையான கீழ்வரம்பு. மறதியைக் குறைக்கத் தேவையான அளவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, அந்த ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும். சத்துப்பொருளாக விற்கப்படும் டப்பாவில் அந்த வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று அதன்மேல் எழுதவும் விதியில் இடமில்லை. முன்பக்கம் மூளைப் படமும் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வாசகமும் ஒரே டப்பாவில் இருந்தால், சட்டப்பொறுப்போடு பேசுவது பின்பக்கம்.

நான்காவது, உறை. அதை வெயில் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

தாளில் வரும் சுண்டெலி யார்

சுண்டெலிக்குத் தானாக அல்சைமர் வராது. மனிதக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் அரிய வகை அல்சைமரின் மரபணுப் பிழைகளை அதன் உடம்பில் நுழைத்து நோயை உண்டாக்குகிறார்கள். ஏபிபி/பிஎஸ்1 என்ற வகையில் இரண்டு மரபணுக்களில் பிழை. 5எக்ஸ்-எஃப்ஏடி வகையில் மொத்தம் ஐந்து பிழைகள்; இரண்டு மாதக் குட்டியிலேயே மூளையில் அமிலாய்டு என்ற, அல்சைமரின் அடையாளமான புரதம் படிய ஆரம்பிக்கும். மனிதரில் இப்படி மரபணுப் பிழையால் வரும் அல்சைமர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. காரிமங்கலத்திலோ பர்கூரிலோ எழுபது வயதில் மறதி வரும் பெரியவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூளை இரத்தக்குழாய் அடைப்பு, வயது எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கலவை இந்தச் சுண்டெலியிடம் இல்லை.

இனி ஆய்வுகள். இந்தத் துறையில் கண்ணை அகல விரிய வைத்த முடிவு எது தெரியுமா? நுண்ணுயிரைச் சேர்த்ததால் வந்தது அல்ல, எடுத்ததால் வந்தது. 2017-ல் ஹராக் குழு, ஏபிபி-பிஎஸ்1 சுண்டெலிகளைப் பிறந்ததிலிருந்து நுண்ணுயிரே இல்லாத மூடிய கூண்டில் வளர்த்தது. சாதாரணமாக வளர்ந்தவற்றைவிட அவற்றின் மூளையில் அமிலாய்டு குறைவு. பிறகு அவற்றுக்குள் நோயுள்ள சுண்டெலியின் குடல் நுண்ணுயிரைச் செலுத்தியதும் படிவு கூடியது. நோயில்லாத சுண்டெலியின் நுண்ணுயிரைச் செலுத்தியபோது அந்த அளவுக்குக் கூடவில்லை. 2016-ல் சிகாகோவில் மின்டர் குழு பல ஆன்டிபயாடிக்குகளைக் கலந்து நெடுங்காலம் கொடுத்தது. ஆண் சுண்டெலிகளில் படிவு குறைந்தது. 2019-ல் அதே ஆய்வகத்தின் டோடியா குழு, வேறொரு வகைச் சுண்டெலியில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்தது. ஆணில் குறைந்தது, பெண்ணில் குறையவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்த ஆண்களுக்கு, மருந்து படாத சுண்டெலியின் மலத்திலிருந்த நுண்ணுயிரைத் திருப்பிக் கொடுத்தபோது படிவு மறுபடி ஏறியது.

2023-ல் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹோல்ட்ஸ்மன் ஆய்வகம் அமிலாய்டை விட்டுவிட்டு, அல்சைமரில் மூளைச் செல்களுக்குள் முடிச்சாகச் சேரும் டாவ் என்ற இன்னொரு புரதத்தைப் பார்த்தது. அங்கே நுண்ணுயிர் இல்லாமல் வளர்ந்த சுண்டெலிகளின் மூளை 40 வாரத்தில் மிகக் குறைவாகவே சுருங்கியிருந்தது. அதே சுண்டெலிகளுக்குக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் குடிநீரில் கலந்து கொடுத்ததும் டாவ் நோய் திரும்ப வந்தது.

கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலம் என்பது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்றவை. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பொருள். நம் டப்பாவின் தாளில் ‘மூளைக்கு நல்லது’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதும் இதைத்தான். 2021-ல் கொலம்போ குழுவும் ஏபிபி-பிஎஸ்1 சுண்டெலிகளுக்கு இதே அமிலங்களைக் கொடுத்து, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா தூண்டப்பட்டு அமிலாய்டு கூடியதைக் காட்டியது. ஆனால் 5எக்ஸ்-எஃப்ஏடி சுண்டெலிகளுக்கு நோயின் தொடக்கத்திலேயே உணவில் சோடியம் பியூட்டிரேட் கொடுத்தபோது அமிலாய்டு குறைந்து நினைவுச் சோதனையில் தேறியதாக 2020-ல் ஓர் ஆய்வு சொல்கிறது. 2019-ல் நோயில்லாத சுண்டெலியின் மலநுண்ணுயிரை நோயுள்ள சுண்டெலிக்குள் செலுத்திய ஓர் ஆய்விலும் பியூட்டிரேட் கூடி நிலைமை தேறியது. எல்லாமே கவனமாகச் செய்த ஆய்வுகள். எந்த வகைச் சுண்டெலி, எந்த வயதில் ஆரம்பித்தது, அதன் குடலில் முன்பே என்ன இருந்தது என்பதைப் பொறுத்து ஒரே பொருள் எதிரெதிர்த் திசையில் போகிறது. ஒரு திசையை மட்டும் பொறுக்கி எடுத்துத் தாளில் அச்சடிப்பது தவறு.

நுண்ணுயிரைக் கூட்டிக் கொடுத்துப் பலன் கண்ட சுண்டெலி ஆய்வுகளும் உண்டு. 2017-ல் போன்ஃபிலி குழு ஒன்பது பாக்டீரியாக்களின் கலவையை, மூன்று மரபணுப் பிழைகள் நுழைத்த 3எக்ஸ்-டிஜி சுண்டெலிகளுக்கு நான்கு மாதம் கொடுத்து, நினைவிலும் அமிலாய்டிலும் முன்னேற்றம் காட்டியது. அதே ஆண்டு கோபயாஷி குழு, மேலே சொன்ன பிஃபிடோபாக்டீரியம் பிரீவ் ஏ1-ஐக் கொண்டு நினைவு தேறியதைக் காட்டியது. ஆனால் அந்தச் சுண்டெலிகள் மரபணு மாற்றியவை அல்ல. மூளைக்குள் ஊசியால் அமிலாய்டு செலுத்தியவை. ‘அல்சைமர் மாதிரி’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது.

ஒரு சுண்டெலி ஆய்வு எங்கே கோணிப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை. சுண்டெலி தன் மலத்தைத் தானே தின்னும். கூண்டில் கூட இருப்பதன் மலத்தையும் தின்னும். ஒரே கூண்டில் ஐந்து இருந்தால் சில வாரங்களில் ஐந்தின் குடலும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்போது ஐந்து விலங்கு என்று எண்ணக்கூடாது, ஒரு கூண்டு என்றுதான் எண்ண வேண்டும். மருந்து கொடுத்தவை எல்லாம் இரண்டு கூண்டில், கொடுக்காதவை இரண்டு கூண்டில் என்று வைத்துவிட்டு ‘இருபது சுண்டெலிகள்’ என்று கணக்கு எழுதினால், கூண்டுக்குக் கூண்டு இருக்கும் வேறுபாடே மருந்தின் பலனைப் போலத் தெரியும். நல்ல ஆய்வகங்கள் ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரித்து இரு பக்கமும் வைப்பார்கள், பல கூண்டுகளில் பரப்புவார்கள், ஆரம்பிப்பதற்கு முன் சில வாரம் கூண்டுகளுக்கிடையே அழுக்குப் படுகையை மாற்றி மாற்றிப் போட்டு எல்லாவற்றின் குடலையும் சமன்படுத்துவார்கள்.

சுண்டெலியை வாங்கும் நிறுவனமும் முடிவை மாற்றும். ஒரு வளர்ப்பு நிறுவனத்தின் சுண்டெலிக் குடலில் இருந்த இழைப் பாக்டீரியா இன்னொரு நிறுவனத்தின் சுண்டெலியில் இல்லை, அதனாலேயே இரண்டின் நோய் எதிர்ப்புச் செல்களும் வேறு மாதிரி இருந்தன என்று 2009-லேயே தெரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் ஆய்வில் இன்னொரு சிக்கல்: கலவையில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் குடிநீர் கசக்கும். சுண்டெலி குடிக்க மறுத்து எடை இழக்கும். பட்டினியும் தாகமும் மூளையில் செய்யும் மாற்றத்தை நுண்ணுயிரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதனால்தான் தினமும் தண்ணீர்ப் புட்டியை எடைபோடுவார்கள், அல்லது குழாய் வழியாக வயிற்றுக்குள் நேராக மருந்தைச் செலுத்துவார்கள்.

குடலில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு என்று எண்ண, மலத்திலிருந்து டி.என்.ஏ எடுப்பதிலும் இடறலாம். கிராம் பாசிட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாவின் சுவர் தடிமன். சிறு மணிகளோடு சேர்த்து வேகமாகக் குலுக்கி உடைக்காவிட்டால் பிஃபிடோபாக்டீரியமும் லாக்டோபேசில்லஸும் எண்ணிக்கையில் குறைவாகவே தெரியும். பிறகு ‘நோயில் பிஃபிடோ குறைந்தது’ என்று எழுதினால், குறைந்தது குடலிலா குழாயிலா என்ற கேள்வி வரும். மலம் சேர்க்காத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே சோதிக்காத ஆய்வை ஓரமாக வைத்துவிடலாம். ரசாயனத்திலிருந்து வரும் கலப்படமே நுண்ணுயிர்ப் பட்டியலில் ஏறிவிடும்.

அளவுக் கணக்கு

சுண்டெலி ஆய்வுகளில் பரவலாகக் கொடுக்கும் அளவு நாளொன்றுக்கு 100 கோடி நுண்ணுயிர். 25 கிராம் சுண்டெலிக்கு அது கிலோவுக்கு 4,000 கோடி. 60 கிலோ மனிதருக்கு எடைப்படி நேராகப் பெருக்கினால் 2,40,000 கோடி. மருந்தளவை மாற்றும்போது உடல் மேற்பரப்பைக் கருதி 12.3-ஆல் வகுப்பது வழக்கம். அப்படி வகுத்தால் ஏறத்தாழ 19,500 கோடி. நம் டப்பாவில் ஒரு கேப்சூலில் இருப்பது 500 கோடி. அதாவது நாளொன்றுக்கு 39 கேப்சூல், ஒரு டப்பா ஒரு நாளைக்கே போதாது. உயிருள்ள பொருள் குடலில் பெருகலாம் என்பதால் மருந்துக்கான இந்த வகுத்தல் அப்படியே பொருந்தாது. அதற்காக யாரும் 39 கேப்சூல் விழுங்க வேண்டாம். ‘ஆய்வில் பயன்பட்ட அதே அளவு’ என்று கடையில் யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டலாம்.

மனிதரிடம் என்ன நடந்தது

சுருக்கமாகச் சொல்லக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறது. 2016-ல் ஈரானில் 60 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பாதிக்கு 12 வாரம் தினமும் 200 மில்லி புரோபயாடிக் பால் கொடுத்தார்கள்; நினைவு மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. 2018-ல் அதே நாட்டில், பெரும்பாலும் நோய் முற்றிய 48 பேரைச் சேர்த்து, ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கேப்சூலாகக் கொடுத்தபோது பலன் இல்லை. 2020-ல் ஜப்பானில், நோய் இன்னும் வராத, லேசான மறதி இருந்த 80 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குப் பிஃபிடோபாக்டீரியம் பிரீவ் ஏ1, நாளுக்கு 2,000 கோடி, 16 வாரம். சோதனை மதிப்பெண் தேறியது. மூன்றிலும் ஆட்கள் குறைவு, காலமும் சில மாதங்கள்தான். ஜப்பான் ஆய்வு மட்டும் நம்பிக்கை தருகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே ஸ்ட்ரெயின்தான் நம் கேப்சூலில் இருக்கிறதா என்று தெரியாது, அளவும் நம் கேப்சூலைப்போல் நான்கு மடங்கு.

குடல் நுண்ணுயிரைக் குறிவைத்து அல்சைமர் மருந்தாகவே ஒன்று வந்தது. கடற்பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி, ஜிவி-971. 5எக்ஸ்-எஃப்ஏடி சுண்டெலிகளில் குடலைச் சீராக்கி மூளை அழற்சியைக் குறைத்ததாக 2019-ல் கட்டுரை வந்தது. அந்த நவம்பரிலேயே சீனா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய ஆய்வு 2022-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் மருந்தே இங்கே வந்து நிற்கும்போது, ஸ்ட்ரெயின் எண்ணே இல்லாத கேப்சூலிடம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது?

சித்திரை வெயிலும் கேப்சூலும்

நினைவாற்றலை விட்டுவிடுவோம். வயிற்றுக்காக வாங்குவதாகவே இருந்தாலும், நம் பக்கத்து வெயிலில் அது உயிரோடு வந்து சேருமா என்பது பெரிய கேள்வி. அட்டையில் ‘25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்’ என்று இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரியிலும் ஊத்தங்கரையிலும் பகல் வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரும் பார்சல் மூடிய வண்டியில் மதியம் முழுக்க நெடுஞ்சாலையில் கிடக்கும். கடைக்கு வந்த பிறகு இன்சுலின் மட்டும் ஃபிரிட்ஜுக்குப் போகும், இது வெளி அடுக்கில் நிற்கும்.

உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியாவைக் கொல்வது வெப்பமும் ஈரமும் சேர்ந்துதான். ஈரம் துளியும் இல்லையென்றால் கொஞ்சம் வெப்பத்தைத் தாங்கும். அதனால்தான் உறை முக்கியம். இரு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து அழுத்திய ஸ்ட்ரிப் நல்லது. ஒரு பக்கம் ஒளி புகும் பிளாஸ்டிக் இருந்தால் ஈரம் மெதுவாக உள்ளே போகும். புட்டியாக இருந்தால் உள்ளே ஈரம் உறிஞ்சும் பை இருக்க வேண்டும். அதைத் தூக்கி எறியக் கூடாது. ஜெலட்டின் கேப்சூல் ஓடு தன் எடையில் நூற்றுக்கு 13 முதல் 16 வரை தண்ணீர் வைத்திருக்கும். ‘எச்.பி.எம்.சி’ என்று எழுதிய தாவர ஓட்டில் அதில் பாதிகூட இருக்காது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ், பேசில்லஸ் கிளாசி போன்ற, தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வித்து வகைகள் இந்த வெயிலைத் தாங்கும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஆனால் மறதி ஆய்வுகளில் பேசப்பட்டவை பெரும்பாலும் லாக்டோபேசில்லஸும் பிஃபிடோவும். வித்து வகையைக் கொடுத்துவிட்டு அந்த ஆய்வுகளைக் காட்டுவது பொருந்தாது.

சாஷே பொடியைச் சூடான பாலிலோ, இறக்கியவுடன் களியிலோ கலக்காதீர்கள். விரல் வைத்தால் சுடாத வெதுவெதுப்பு, 40 டிகிரிக்குக் கீழ், அதுதான் எல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். முதல் வாரம் வயிறு உப்புசம், வாயு வருவது சகஜம். எஃப்.ஓ.எஸ் கலந்ததில் கூடுதலாக வரும்.

கேப்சூலில் உயிர் இருக்கிறதா என்று வீட்டில் ஒரு முரட்டுச் சோதனை செய்யலாம். ஒரு டம்ளர் பாலை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். கொதிநீரில் அலசிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, கொதிநீரில் முக்கிய ஸ்பூனால் கலக்குங்கள். இரண்டையும் மூடி, துணி சுற்றி, வெதுவெதுப்பான மூலையில் 12 மணி நேரம் வையுங்கள். கேப்சூல் போட்டது மட்டும் புளித்து இறுகினால் லாக்டிக் பாக்டீரியா கொஞ்சமாவது உயிரோடு இருக்கிறது. இரண்டும் புளித்தால் சோதனை கெட்டது, டம்ளரிலோ பாலிலோ வேறு கிருமி. இரண்டும் புளிக்காவிட்டால் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட முடியாது: பிஃபிடோ பாலில் சரியாக வளராது, ராம்னோசஸில் பரவலாக விற்கும் ஸ்ட்ரெயின் பால் சர்க்கரையையே நொதிக்காது. அசிடோஃபிலஸ் இருக்கும் டப்பாவுக்குத்தான் இந்தச் சோதனை ஓரளவு பொருந்தும். எண்ணிக்கையையோ இனத்தையோ இது காட்டாது. சோதனைப் பாலைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கேழ்வரகுக் கூழ் போதாதா என்று கேட்பவர்களுக்கு

நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நூறு கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம். கேப்சூலில் இருக்கும் எஃப்.ஓ.எஸ் சில நூறு மில்லிகிராம்தான் இருக்கும். மாவைக் கரைத்து இரவு புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆறவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைக்கும் கூழில், முதலில் புளித்தபோது வந்த பாக்டீரியா அடுப்பில் செத்துவிடும். ஆறிய பிறகு இரவு முழுக்க மறுபடி வளர்வதும், மோரில் வருவதும்தான் உயிரோடு வயிற்றுக்குப் போகும். சர்க்கரை நோயாளிக்கு நீர்க்கக் கரைத்த கூழைவிடக் கீரையும் அவரையும் சேர்த்த களி மெதுவாகச் சர்க்கரை ஏற்றும். ஆனால் கூழ் மறதியைத் தடுக்கும் என்று யாராவது டப்பாவில் அடைத்து விற்றால், அதற்கும் மேலே சொன்ன கேள்விகள் எல்லாம் பொருந்தும். கூழ் நம் சாப்பாடு. அதைச் சாப்பிட அல்சைமர் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இணையத்தில் மலப் பரிசோதனைக் கிட் வாங்கி ‘மூளைக்கான குடல் மதிப்பெண்’ பார்ப்பதும் இப்போது பரவுகிறது. அதுவும் வேண்டாம். பாதுகாக்கும் திரவம் இல்லாத குப்பியில் மாதிரியைப் போட்டு இந்த வெயிலில் கூரியரில் அனுப்பினால், வழியிலேயே ஈ.கோலை குடும்பம் பெருகி, வேறொருவரின் குடல் போல அறிக்கை வரும். சரியாக அனுப்பினாலும் அல்சைமரைக் கண்டுபிடிக்கும் குடல் மதிப்பெண் என்று ஒன்று இன்றைக்கு இல்லை.

அதே பணத்தை எங்கே போடலாம்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு சொல்கிறது. ஆனால் மறந்துபோகிற எல்லாருக்கும் அல்சைமர் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுக் கசிந்த இரத்தம் இவையும் மறதியாக வரும், சரிசெய்யவும் முடியும். பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் பெரியவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு. மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் சாப்பிடும் ஓமெப்ரசோல், பான்டோபிரசோலும் குறைக்கும். ஒரு மாதக் கேப்சூல் செலவில் பி12-ம் தைராய்டும் பார்த்துவிடலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டலாம். அங்கே எழுதிக் கொடுத்தால் மூளை நரம்பு, மனநல மருத்துவமனையான பெங்களூர் நிம்ஹான்ஸ் கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் அளவுதான். காது மந்தமாக இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று. சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, குடி எல்லாம் அதே பட்டியலில் உண்டு.

யாருக்குக் கொடுக்கவே கூடாது

கடைக்காரர் கேட்காமல் கொடுத்துவிடும் இடம் இது. புற்றுநோய் மருந்து ஓடுகிறவர், உறுப்பு மாற்றியவர், வெள்ளணு குறைந்தவர் புரோபயாடிக் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கணைய அழற்சி முற்றி மருத்துவமனையில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கவே கூடாது. நெதர்லாந்தில் 2008-ல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட நோயாளிகளில் புரோபயாடிக் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 6 பேர். சில டப்பாக்களில் சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்டும் இருக்கும். கழுத்திலோ மார்பிலோ பெரிய இரத்தக்குழாய்க்குள் மருந்துக் குழாய் செருகியிருக்கும் நோயாளிக்கு அது இரத்தத்தில் போய்த் தொற்றாகலாம். அந்தக் கேப்சூலை அவருக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்காகக்கூட அதே அறையில் பிரித்துக் கொட்டக் கூடாது, பொடி காற்றிலும் கையிலும் ஒட்டிக் குழாயின் வாய்க்குப் போய்விடும்.